பூட் என்றால் காலில் போடுவது மட்டும்தானா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பூட் என்றால் காலில் மாட்டுவது என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் கம்ப்யூட்டர் பூட் ஆகிறது என்கிறார்கள். ஆங்கிலேயர்கள் காரின் பின்பக்கத்தைப் பூட் என்கிறார்கள். கள்ளச்சாராயம் விற்பவன் பூட்லெக்கர். கதைகளில் வாக்கியத்தின் கடைசியில் 'டு பூட்' என்று வருகிறது. இத்தனையும் ஒரே சொல்லா? எப்படி வந்தது?"

இரண்டு சொற்கள். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக இருப்பதால் ஒரே சொல் போலத் தெரிகிறது. தமிழில் 'ஆறு' எண்ணாகவும் நதியாகவும் இருக்கிறதே, அந்த மாதிரி. காலணியைக் குறிக்கும் பூட் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு உள்ளே நுழைந்த எத்தனையோ சொற்களில் ஒன்று. 'டு பூட்' என்பதில் இருக்கும் பூட் அதைவிட மூத்தது, பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அதற்கு ஈடு, பரிகாரம், ஆதாயம் என்று பொருள். நீங்கள் சொன்ன பட்டியலில் 'டு பூட்' ஒன்றுதான் இந்தக் குடும்பம். மற்றவையெல்லாம் காலணியில் போய் முடிகின்றன. அவற்றில் சில காலணியின் ஒரு குறிப்பிட்ட பாகத்திலிருந்து கிளம்பியிருக்கின்றன. எந்தப் பாகம் என்று தெரிந்துவிட்டால் பொருள் மறக்காது.

கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதிகம் பேரைக் குழப்புவது அதுதான்.

முழங்கால் வரை வரும் தோல் பூட்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேல் விளிம்பில் ஒரு வார் வளையமாகத் தைக்கப்பட்டிருப்பது தெரியும். சிலவற்றில் பின்னால் ஒன்று, சிலவற்றில் இரண்டு பக்கமும். இறுக்கமான பூட்ஸுக்குள் கால் சுலபமாக இறங்காது. அந்த வளையத்துக்குள் விரலை விட்டு இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நடக்கவே முடியாத காரியத்தைக் கிண்டல் செய்ய இந்த வாரை இழுத்துக்கொண்டு வந்தார்கள்: தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தூக்கி வேலியைத் தாண்டுவானாம்! 1834இல் நிற்காமல் தானே ஓடும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் அறிவித்தபோது, இனி இவர் தன் பூட்ஸ் வாரைப் பிடித்துத் தன்னையே கம்பர்லாந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொள்வார் என்ற கேலி பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் பொருள் தலைகீழாகப் போனது. யார் உதவியும் இல்லாமல் சொந்த உழைப்பால் மேலே வருவது என்று ஆகிவிட்டது. ஏழையிடம் "உன் பூட்ஸ் வாரைப் பிடித்து நீயே எழுந்திரு" என்று உபதேசம் செய்கிறவர்களுக்கு, அது முடியாது என்பதற்காகவே பிறந்த வாசகம் என்று தெரிந்திருக்குமா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். யாரும் தன் எடையைத் தானே தூக்க முடியாது. இயற்பியல் அதற்கு இடம் கொடுக்காது.

கம்ப்யூட்டர்காரர்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பழைய, முடியாத அர்த்தத்தை. அவர்களுக்கு இருந்த சிக்கலும் அதேதான். கம்ப்யூட்டர் எந்த வேலை செய்யவும் நினைவகத்தில் ஒரு புரோகிராம் இருக்க வேண்டும். சுவிட்ச் போட்டதும் நினைவகம் காலி. வெளியிலிருந்து புரோகிராமை உள்ளே ஏற்றலாம் என்றால், ஏற்றுகிற வேலையைச் செய்யவும் ஒரு புரோகிராம் வேண்டும். அதை யார் ஏற்றுவது?

1950களின் தொடக்கத்தில் வந்த ஐபிஎம் 701 கம்ப்யூட்டரில் இதற்கு அழகான வழி வைத்திருந்தார்கள். 'லோட்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் துளையிட்ட அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ 36 பிட் கொண்ட ஒரே ஒரு 'வேர்டு' (இயந்திரம் ஒரே தடவையில் கையாளும் தரவுத் துண்டு) உள்ளே வரும். அதன் முதல் பாதியை இயந்திரம் கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றும். பெரும்பாலும் அந்தக் கட்டளை, "இன்னும் கொஞ்சம் படி" என்பதாக இருக்கும். அப்படிப் படித்தது அதைவிடப் பெரிதாக ஒன்றைப் படிக்கச் சொல்லும். இப்படியே முழுப் புரோகிராமும் உள்ளே வந்துவிடும். தன்னைத் தானே தூக்கிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அதனால் பூட்ஸ்ட்ராப் என்று பேர் வைத்தார்கள், அப்புறம் நாக்குக்குச் சுலபமாகப் பூட் என்று குறுகிவிட்டது. 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டரை வைத்திருந்தவர்களுக்குப் பொத்தான் வசதிகூட இல்லை. முகப்பில் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, ஏற்றும் புரோகிராமை ஒவ்வொரு பைட்டாகக் கையால் உள்ளே போட வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் முதல் படி ஒரு சிப்பில் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தது. அதுதான் பயாஸ். மின்சாரம் வந்ததும் பயாஸ் கருவிகளைச் சோதித்துவிட்டு, டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். ஹார்டு டிஸ்க்காக இருந்தால், கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளம் இருந்தால்தான் இது பூட் ஆகக்கூடியது என்று நம்பி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அந்த 512 பைட்டுக்குள் முழு விண்டோஸையோ லினக்ஸையோ அடைக்க முடியாது. தன்னைவிடப் பெரிய ஒன்றைக் கூப்பிடும் அளவுக்குத்தான் இடம். இன்றைய கம்ப்யூட்டர்களில் பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்து அந்த 512 பைட் கட்டுப்பாடு போய்விட்டது, ஆனால் சிறியது பெரியதைக் கூப்பிடும் முறை அப்படியேதான் இருக்கிறது.

சர்வீஸ் கடையில் "பவர் வருது, ஆனா பூட் ஆகலை" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது துல்லியமான பேச்சு. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, கம்பெனி லோகோகூட வந்து போகிறது. அதாவது முதல் படி முடிந்துவிட்டது. அடுத்த படிக்கு ஆள் கிடைக்கவில்லை. கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால், டிஸ்க் செத்துவிட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். எதிலிருந்து பூட் செய்வது என்ற வரிசையில் அது முதலில் இருந்தால், சில கம்ப்யூட்டர்கள் அதைத் தேடிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

வார் இதோடு விடவில்லை. 1979இல் பிராட்லி எஃப்ரான் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு முறைக்குப் பூட்ஸ்ட்ராப் என்று பெயர் வைத்தார். ஐம்பது வீட்டு மின்கட்டணத்தை வைத்து ஊரின் சராசரியைச் சொல்கிறீர்கள், அது எவ்வளவு நம்பகமானது என்று தெரிய வேண்டும். மறுபடி ஊரைச் சுற்ற வழியில்லை. அந்த ஐம்பது சீட்டையே ஒரு டப்பாவில் போட்டு, ஒன்று எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளே போட்டு, இப்படி ஐம்பது முறை எடுத்தால் ஒரு புதிய சராசரி கிடைக்கும். இதைக் கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை செய்தால், சராசரி எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று தெரிந்துவிடும். கையில் இருப்பதிலிருந்தே இன்னும் கொஞ்சம் இழுத்தெடுப்பதால் அந்தப் பெயர். தொழில் உலகில் முதலீட்டாளரிடம் போகாமல் சொந்தப் பணத்திலும் வருமானத்திலும் வளரும் நிறுவனத்தையும் பூட்ஸ்ட்ராப் செய்தது என்பார்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சென்னை நிறுவனம் ஜோஹோவைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் தவறாமல் வரும்.

சரி, அடுத்தது கார். குதிரை வண்டிக் காலத்தில் இங்கிலாந்துப் பயணிகள் வண்டிகளில் ஒரு பக்க இடத்துக்குப் பூட் என்று பெயர் இருந்தது. ஆரம்பத்தில் வேலைக்காரர்கள் உட்காரும் திறந்த இடம். பிறகு வண்டியோட்டியின் அல்லது காவலாளின் இருக்கைக்குக் கீழே மூட்டை வைக்கும் பெட்டி. குதிரை போய் மோட்டார் வந்தபோது ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரைக் காரின் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் காரின் பின்னால் வாரால் கட்டி வைத்த டிரங்குப் பெட்டியின் பெயரை வைத்துக்கொண்டார்கள். நமக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை, டிக்கி என்கிறோம். அதுவும் பழைய குதிரை வண்டிச் சொல்தான், பின்னால் இருந்த கூடுதல் இருக்கையின் பெயர்.

மெக்கானிக் சொல்லும் பூட் வேறு. "ஆக்சில் பூட் கிழிஞ்சிருக்கு" என்றால், முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டின் மேல் மாட்டியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். மூட்டின் கிரீஸை உள்ளே பிடித்து வைப்பது அதுதான். கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, மணலும் தண்ணீரும் உள்ளே போய், ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்க ஆரம்பிக்கும். உறையோடு முடிய வேண்டிய செலவு முழு மூட்டுக்கும் போய்விடும், அதனால் கிழிசல் கண்ணில் பட்டதும் மாற்றிவிடுவது நல்லது. கால் மேல் இறுக்கமாக மூடும் காலணி போல எதையாவது மூடினால் ஆங்கிலத்தில் அதற்குப் பூட் என்று பெயர் வந்துவிடும். ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர், சிறிய விமானங்களின் இறக்கை முன்விளிம்பில் ஒட்டியிருந்து காற்று ஏறிப் புடைத்துப் பனிக்கட்டியை உடைக்கும் உறை என்று எல்லாம் இந்த வகை.

காருக்கு இன்னொரு பூட்டும் உண்டு, சக்கரத்தில் மாட்டுவது. அபராதம் கட்டாத வண்டி நகரக் கூடாது என்று போடும் இரும்புக் கவ்வி. இங்கே வீல் லாக் என்கிறோம், அமெரிக்காவில் பூட். டென்வர் நகரில் ஃபிராங்க் மாரக் என்பவர் 1944இல் உருவாக்கினார். 1955இல் அந்நகரப் போலீஸ் பயன்படுத்தத் தொடங்கியது. மாரக் டென்வர் சிம்ஃபனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். இந்தப் பூட் மட்டும் நம் 'பூட்டு' என்ற சொல்லோடு ஒலியிலும் வேலையிலும் ஒத்துப்போகிறது, முழுக்கத் தற்செயலாக.

கள்ளச்சாராயத்துக்கு வருவோம். பூட்லெக் என்றால் பூட்ஸில் கெண்டைக்காலை மூடும் உயரமான பகுதி. அதற்குள் தட்டையான ஒரு குப்பியைச் செருகினால் வெளியே தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் இப்படி மறைத்து விற்றவர்களுக்குப் பூட்லெக்கர் என்ற பேர் வந்தது. 1920 முதல் 1933 வரை அங்கே நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தபோது அது உலகம் பூராவும் தெரிந்த சொல்லானது. அதற்குள் லாரி லாரியாகக் கடத்தினார்கள், பூட்ஸ் தேவைப்படவில்லை, பெயர் மட்டும் நின்றது. பிறகு திருட்டுத்தனமாகப் பதிவு செய்த பாட்டுக்கும் படத்துக்கும் பரவியது.

இது நம் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் குற்றவாளிகளின் வகைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. அதில் முதலில் நிற்பது குண்டர் அல்ல, பூட்லெக்கர். 2004இல் அதே சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள்.

இனி 'டு பூட்'. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் சுவையானது. ஏறக்குறைய கி.பி. 600இல் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியை ஆண்ட எத்தல்பெர்ட் மன்னர் எழுதி வைத்த சட்டம்தான் ஆங்கில மொழியில் கிடைக்கும் மிகப் பழைய சட்டம். அடிதடியில் யாருக்கு என்ன சேதமோ அதற்கு இத்தனை ஷில்லிங் ஈடு என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போகும். கட்டைவிரல் போனால் 20 ஷில்லிங். கட்டைவிரல் நகம் போனால் 3. நடுவிரல் 4, மோதிர விரல் 6, சுண்டுவிரலுக்கு 11. இப்படி ஈடு கட்டுவதைச் சொன்ன சொல்தான் நம் இரண்டாவது பூட். அப்போது 'போட்' என்று நீட்டி உச்சரித்தார்கள். 'பெட்டர்', 'பெஸ்ட்' என்ற சொற்களும் இதன் உறவினர்கள். குறையைச் சரிசெய்து நல்லதாக்குவது என்ற கருத்துதான் அடியில் ஓடுகிறது.

ஈடு கட்டுவதிலிருந்து, பண்டமாற்றில் இரண்டு பக்கமும் சமமாவதற்காக மேலே வைக்கும் தொகைக்கு வந்தது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மேலே பத்தாயிரம் போட்டு வேறு வண்டி எடுக்கிறோம் இல்லையா, அந்த மேல்பணம்தான் பூட். காய்கறிக் கடைக் கொசுறு வேறு. கொசுறு இலவசம், இது கணக்கோடு கொடுப்பது. அமெரிக்க வருமான வரிக்காரர்கள் இன்றும் அந்தப் பொருளிலேயே பேசுகிறார்கள். அங்கே 1031ஆம் பிரிவின்படி தொழிலுக்கோ முதலீட்டுக்கோ வைத்திருக்கும் ஒரு நிலத்தையோ கட்டடத்தையோ அதே வகையான இன்னொன்றோடு மாற்றிக்கொண்டால், லாபத்துக்கான வரியை அப்போது கட்டாமல் தள்ளிப்போடலாம். 2018 முதல் அசையாச் சொத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை. ஐந்து லட்சம் டாலர் கட்டடத்தைக் கொடுத்துவிட்டு, நாலரை லட்சம் கட்டடத்தையும் ஐம்பதாயிரம் ரொக்கத்தையும் வாங்கினால், அந்த ஐம்பதாயிரத்தின் பெயர் பூட். லாபம் இருக்கும் அளவுக்கு அதற்கு உடனே வரி உண்டு. கணக்காளர் அனுப்பும் தாளில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

பேச்சில் 'டு பூட்' என்றால் 'அதற்கு மேல்', 'கூடவே'. தமிழாக்கும்போது தொனியைப் பாருங்கள். நல்ல மருத்துவர், நன்றாகப் பாடுவார் 'டு பூட்' என்றால் 'அதோடு' போதும். வீடு சின்னது, வாடகை அதிகம், தண்ணீரும் வராது 'டு பூட்' என்றால் 'போதாக்குறைக்கு' என்றுதான் வாயில் வரும்.

இதன் எதிர்ப்பதம் 'பூட்லெஸ்'. பழைய ஆங்கிலக் கவிதைகளில் இதைப் பார்த்தால் வெறுங்கால் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; பயனற்ற, வீணான என்று பொருள். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதல் பாகத்தில், மன்னரை 'பூட்லெஸ்' ஆக, மழையிலும் காற்றிலும் அடிபட்டவராக வீட்டுக்குத் துரத்தியதாக ஒருவன் பெருமையடிக்கிறான், அதாவது வெறுங்கையோடு அனுப்பினானாம். எதிரில் இருப்பவன், பூட்ஸும் இல்லாமல் இந்த மோசமான வானிலையில் போனாரா, அப்படியும் காய்ச்சல் வராமல் எப்படித் தப்பினார் என்று கேட்கிறான். இரண்டு பூட்டும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் வேறு இடம் எனக்கு நினைவில் இல்லை.

காலணியை வைத்தே சொல்லும் வழக்குகள் எக்கச்சக்கம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு 'பூட்' கொடுத்தார்கள் என்றால் சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்று பொருள். தன் பூட்ஸுக்குள் அடங்காமல் பெருத்துவிட்டான் என்றால் தலைக்கனம். பூட்ஸைக் கழற்றி மாட்டிவிட்டார் என்றால் ஓய்வு பெற்றுவிட்டார், முதலில் விளையாட்டுக்காரர்களைச் சொன்னது. பூட் இப்போது அடுத்த காலில் இருக்கிறது என்பதற்கு நம்மிடம் அதைவிட நல்ல பழமொழி இருக்கிறது: ஓடம் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும். தரையில் பூட்ஸ் என்று செய்தியில் வந்தால் படையை நேரில் இறக்குவது. அமெரிக்கக் கடற்படையிலும் மரைன் படையிலும் புதிதாகச் சேர்ந்தவனைப் பூட் என்று கூப்பிட்டதால் அவர்களின் பயிற்சி முகாம் பூட் கேம்ப் ஆனது. இப்போது உடற்பயிற்சிக்கும் கோடிங்குக்கும் அதே பெயர்.

கொடூரமான ஒன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1590–91இல் நார்த் பெரிக் சூனிய வழக்குகளில் காலைச் சட்டத்துக்குள் வைத்து ஆப்பு அடித்து நசுக்கும் சித்திரவதைக் கருவிக்கும் பூட்ஸ் என்றுதான் பெயர்.

வெலிங்டன் பூட்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன் அணிந்த பாணியின் பெயர் அது. முதலில் தோல், 1850களில் ரப்பரில் செய்ய ஆரம்பித்தார்கள். அதே ஆள்தான் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்துப் போரில் திப்புவுக்கு எதிராக நின்றவர். குன்னூருக்குப் பக்கத்தில் ஜக்கதளா என்று இருந்த இடத்துக்கு வெலிங்டன் என்று பெயர் மாறியதும் அவரால்தான். ஆக, நீலகிரியின் ராணுவ ஊரும் மழைக்காலப் பூட்ஸும் ஒரே மனிதரின் பெயரைச் சுமக்கின்றன. அந்த ரப்பர் பூட்ஸ்தான் நம் ஊரில் கம்பூட்ஸ்.

கடைசியாக, பூட் போலவே காதில் விழுந்து ஏமாற்றும் சில. வாக்குச்சாவடியும் பால் விற்கும் இடமும் 'பூத்', அது வேறு சொல், சாவடி என்று பொருள். கொள்ளைப் பொருளைக் குறிக்கும் 'பூட்டி'யும் காலணியிலிருந்து வரவில்லை, அது பழைய ஜெர்மானியச் சொல். பிரிட்டனில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் 'பூட்ஸ்' என்று பெரிய பலகை தெரியும். செருப்பு வாங்கலாம் என்று உள்ளே போனால் மாத்திரையும் சோப்பும்தான் இருக்கும். 1849இல் நாட்டிங்ஹாமில் ஜான் பூட் என்பவர் தொடங்கிய மருந்துக்கடை அது, குடும்பப் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் நாம் போடும் ஐபுப்ரோஃபென் அந்த நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான் 1960களில் உருவானது.